காற்று இறங்கிய பிறகு 80 கிலோமீட்டர்

பிஎம்டபிள்யூ எக்ஸ்3, எக்ஸ்5 போன்ற வண்டிகளில் முதல் செட் டயர் தேய்ந்து முடியும்போது உரிமையாளர் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. கம்பெனி போட்டு அனுப்பிய, காற்று இறங்கினாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயரையே மறுபடி வாங்குவதா, சாதாரண டியூப்லெஸ் டயருக்கு மாறிவிடுவதா? சர்வீஸ் சென்டரில் கேட்டால் பெரும்பாலும் ரன்ஃப்ளாட்டையே சொல்வார்கள். வெளியே டயர் கடையில் கேட்டால் மாற்றச் சொல்வார்கள். நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை. ஒருவரை அது நடுராத்திரியில் வீடு சேர்த்தது. இன்னொருவருக்கு முதுகுவலி கொடுத்தது.

இந்தப் பேச்செல்லாம் டயர் நல்லதா, கெட்டதா என்பதையே சுற்றி வருகிறது. பஞ்சர் ஆனபின் எங்கே போவது, எதை வைத்துப் போவது என்ற ஏற்பாட்டில் ரன்ஃப்ளாட் ஒரு பகுதிதான் என்பதை அதில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த டயர், காற்றழுத்தத்தைக் கவனிக்கும் கருவி, ஸ்டெப்னி இல்லாத டிக்கி, எட்டும் தூரத்தில் ஒரு சர்வீஸ் சென்டர் என்று நான்கும் சேர்ந்தால்தான் ஏற்பாடு முழுமையாகும். நம் ஊரில் டயரை மட்டும் மாற்றிவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. ரன்ஃப்ளாட் போட்ட வண்டியைவிடவும், சாதாரண டயரோடு ஸ்டெப்னியும் வைத்திருக்கும் வண்டியைவிடவும் மோசமான நிலை ஒன்று உண்டு. சாதாரண டயர், வெறும் டிக்கி.

சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் நூலிழையும் எஃகுக் கம்பியும் பெரும்பாலும் அந்தக் காற்றை அடைத்து வைக்கும் வேலையைச் செய்கின்றன. காற்று போய்விட்டால் பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கும். கொஞ்ச தூரம் ஓட்டினாலே டயர் கிழிந்துவிடும், ரிம்மும் அடி வாங்கும். ரன்ஃப்ளாட்டில் பக்கச்சுவரின் உள்பக்கம் பிறை வடிவில் தடித்த ரப்பர் பட்டை ஒன்று இருக்கிறது. சூடு தாங்கும்படி தயாரித்த ரப்பர் அது. காற்று முழுவதும் இறங்கினாலும் அந்தப் பட்டையே நின்று வண்டியைத் தாங்கும். டயர் கடையில் கழற்றிப் போட்ட பழைய டயர் இரண்டை, ரன்ஃப்ளாட் ஒன்று சாதாரணம் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும். ஒன்று வளைந்து கொடுக்கும். மற்றொன்றில் விரல்தான் வலிக்கும்.

ரிம்மிலும் ஒரு மாற்றம் உண்டு. காற்றில்லாத நிலையில் டயரின் விளிம்பு ரிம்மின் பள்ளத்துக்குள் நழுவிவிடக் கூடாது என்பதற்காக உட்புற மேட்டைச் சற்று உயர்த்தியிருப்பார்கள். பிஎம்டபிள்யூ ரிம்களில் இதை இஎச்2 என்ற குறியால் அடையாளம் காணலாம். சாதாரண டயரும் இந்த ரிம்மில் ஒழுங்காக உட்காரும். ஆகவே டயரோடு அலாய் வீலையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. கழற்றி மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். இந்த ரிம்மிலிருந்து தடித்த பக்கச்சுவர் கொண்ட டயரை எடுக்க, துணைக்கை பொருத்திய இயந்திரம் இருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். கடப்பாரையும் பலமும் போதும் என்று இறங்கினால் ரிம்மின் விளிம்பில் கீறல் விழும், வால்வோடு சேர்ந்திருக்கும் அழுத்த உணரி உடையும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1970களிலேயே டன்லப் நிறுவனம் டெனோவோ என்ற பெயரில் காற்றில்லாமல் ஓடும் டயரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் மினி 1275 ஜிடி போன்ற கார்களில் அது வந்தது, ஆனால் பரவவில்லை. குட்இயரின் டயர் 1994இல் கார்வெட்டுக்கு விருப்பத் தேர்வாக வந்து, 1997 மாடலில் நிரந்தரமானது; அந்த மாடலில் ஸ்டெப்னியே கிடையாது. மிஷ்லின் வேறு வழியில் போனது. டயருக்குள் ரிம்மைச் சுற்றி ஒரு தாங்கு வளையத்தை மாட்டும் பேக்ஸ் முறை அது. ரோல்ஸ் ராய்ஸ் ஃபேண்டமிலும் அமெரிக்காவில் ஹோண்டா ஒடிசியிலும் அதைப் போட்டார்கள். அதைக் கழற்றி மாட்டத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும், மாற்று டயர் எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால் உரிமையாளர்கள் சலித்துப்போனார்கள். பிறகு மிஷ்லின் அதைக் கைவிட்டது. டயர் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், பஞ்சர் ஆன ஊரில் மாற்று கிடைக்காவிட்டால் பயனில்லை என்பதை அமெரிக்காவே அப்போது பார்த்துவிட்டது.

பக்கச்சுவரைத் தடிக்கும் முறையை முழு மனதோடு எடுத்துக்கொண்ட கம்பெனி பிஎம்டபிள்யூ. 2000ஐ ஒட்டி வந்த இசட்8, 2003இல் வந்த 5 சீரிஸ், பிறகு ஏறக்குறைய எல்லா மாடலும். ஜெர்மன் ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடு இல்லாத நீளங்களில் டயர் திடீரென்று காற்றை விட்டாலும் வண்டி கையை மீறாது. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் போனதால் எடையும் இடமும் மிச்சம். கம்பெனியின் கணக்கு அதுதான். காற்று போனதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகும் அளவுக்கு அந்தப் பக்கச்சுவர் விறைப்பு என்பதால் அழுத்தக் கண்காணிப்பு இல்லாமல் ரன்ஃப்ளாட்டைப் போடவே கூடாது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பிறகு 2000இல் வந்த சட்டம் அந்தக் கண்காணிப்பை 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது.

பிஎம்டபிள்யூவின் விளையாட்டுப் பிரிவு மட்டும் இதில் சேரவில்லை. எம்3, எம்5 வண்டிகள் சாதாரண டயரோடுதான் வந்தன, வருகின்றன. அண்மை ஆண்டுகளில் மற்ற பல மாடல்களிலும் கம்பெனி ரன்ஃப்ளாட்டை விருப்பத் தேர்வாக்கி வருகிறது. சாதாரண டயர் போட்டால் பிஎம்டபிள்யூவே கெட்டுவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

ரன்ஃப்ளாட் தரும் உறுதி ஓர் எண்ணில் அடங்கும். காற்று முழுவதும் போன பிறகு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் ஓடலாம். வண்டியில் ஆள், சாமான் நிறைய இருந்தால், வெயில் கடுமையாக இருந்தால், தூரம் குறையும். மடிந்து நிமிரும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரில் சூடு ஏறுகிறது, அந்தச் சூடுதான் கடைசியில் டயரைக் கொல்கிறது. மே மாத மதியத்தில், ஏழு பேரோடு, ரோட்டுத் தார் கொதிக்கும்போது அந்த 80ஐ முழுதாக நம்ப நான் தயாரில்லை.

இனி இந்த 80ஐத் தமிழ்நாட்டு வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். ஈசிஆரில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பஞ்சர் ஆனால் கவலையில்லை. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஊர் வந்துவிடும். ஜெர்மனியில் எங்கே பஞ்சர் ஆனாலும் ஏறக்குறைய இதே நிலைதான், அந்த 80 அங்கே போதும். இராமேசுவரம் போய்த் திரும்பும் குடும்பத்துக்கு இராமநாதபுரத்தில் பஞ்சர் ஆனால்? மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மதுரையை எப்படியோ எட்டினாலும் 275/45 ஆர்20 ரன்ஃப்ளாட் அன்றைக்கே கடையில் இருக்கும் என்ற உறுதி இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். வண்டி நிற்கும், குடும்பம் லாட்ஜில் தங்கும் அல்லது டாக்சி பிடிக்கும். அதே பஞ்சர் சாதாரண டயரில் ஆகி, டிக்கியில் ஒரு ஸ்டெப்னி இருந்தால், அரை மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். பஞ்சரான டயரை வழியில் பார்க்கும் முதல் பஞ்சர் கடையில் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

ரன்ஃப்ளாட் நெடும்பயணத்துக்கு, சாதாரண டயர் ஊருக்குள் ஓட்ட என்பது பலர் மனதில் இருக்கும் கணக்கு. தமிழ்நாட்டில் அது தலைகீழ் என்பதே என் முடிவு. சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருக்கும் சென்னையிலும் கோவையிலும்தான் ரன்ஃப்ளாட் அதன் முழுப் பயனைத் தருகிறது. ஊர் விலக விலக அதன் பயன் தேய்கிறது.

பஞ்சர் ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், செலவு ஏறுவது இங்கேதான். ஆணி ரோட்டைத் தொடும் நடுப்பகுதியில் ஏறியிருந்து, ஓட்டை சிறியதாக இருந்தால், சாதாரண டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவப் பேட்ச் வைத்து ஒட்டிவிடலாம். சில நூறு ரூபாயோடு போகும். ரன்ஃப்ளாட்டுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறுகிறது. ஒட்டவே வேண்டாம், மாற்றிவிடுங்கள் என்பவர்கள் உண்டு; காற்றில்லாமல் ஓடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஒருமுறை ஒட்டலாம் என்பவர்களும் உண்டு. காற்றில்லாமல் ஓடிய டயரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் புரியும். அடியில் கறுப்புப் பொடி சிதறிக் கிடக்கும், கையில் ஒட்டும். உராய்ந்து உதிர்ந்த ரப்பர் அது. பக்கச்சுவரின் உட்புறத்தில் டயரைச் சுற்றிலும் மடிப்பு விழுந்த தடம் வட்டமாக ஓடும். அந்தத் தடம் இருந்தால் உள்ளிருக்கும் நூலிழை பழுதாகிவிட்டது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புத்தம் புதிதாகத் தெரியும். அதை ஒட்டிக் காற்றடித்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

நம் பஞ்சர் கடைகளில் டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஊசியால் குத்தி ரப்பர் திரியை நுழைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சாதாரண டயரில் அது வீடு போய்ச் சேரும்வரை உதவும். ரன்ஃப்ளாட்டில் அதைச் செய்தால் உள்ளே அந்த வட்டத் தடம் இருக்கிறதா இல்லையா என்பதையே யாரும் பார்ப்பதில்லை. ரன்ஃப்ளாட் வைத்திருப்பவர் எவராக இருந்தாலும், கழற்றி உள்ளே பார்க்காமல் ஒட்டவிடவே கூடாது.

பயணச் சுகத்தைப் பொறுத்தவரை வாதத்துக்கு அதிகம் இடமில்லை. விறைப்பான பக்கச்சுவர் ரோட்டின் ஒவ்வொரு விரிசலையும் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் அனுப்பும். டயருக்கு ஓரிரு கிலோ எடையும் கூடுதல், அது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை என்பதால் குண்டுகுழியில் சக்கரம் தடுமாறுவது கூடும். அண்மைத் தலைமுறை ரன்ஃப்ளாட்கள் பழையவற்றைவிட மென்மையானவைதான், பழைய எக்ஸ்5இல் இருந்த முரட்டுத்தனம் இப்போது இல்லை. ஆனாலும் மாற்றியவர்கள் முதலில் சொல்வது வேகத்தடையில் ஏறி இறங்கும்போது தெரியும் வித்தியாசத்தைத்தான். பதிலுக்குத் திருப்பங்களில் ஸ்டீயரிங் கொஞ்சம் சோம்பலாகும். வண்டியின் டேம்பரும் புஷ்ஷும் விறைப்பான பக்கச்சுவரை நினைத்து அமைக்கப்பட்டவை, அதனால் வேகமாகத் திருப்பும்போது மேல்பகுதி ஒரு நொடி தாமதித்து வருவதுபோல் இருக்கும். மலைப்பாதையில் ரசித்து ஓட்டுபவருக்கு இது தெரியும். பின்சீட்டில் அமர்ந்து போகும் பெரியவர்களுக்கு மென்மை மட்டும்தான் தெரியும்.

குழியில் விழுந்தால் எது தாங்கும் என்று கேட்கிறார்கள். இதில் டயரின் வகையைவிடப் பக்கச்சுவரின் உயரம் முக்கியம். 19 அங்குல ரிம்மில் 265/50 போட்டால் ரிம்முக்குக் கீழே 132 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கும். 21 அங்குல ரிம்மில் 275/40 போட்டால் 110 மில்லிமீட்டர்தான். அந்த 22 மில்லிமீட்டர் குழியின் விளிம்பில் ரிம்மைக் காப்பாற்றும். ரன்ஃப்ளாட்டின் விறைப்பு அடியை நேராக ரிம்முக்கே கடத்துவதால் அலாய் விரிசல் விடுவது உண்டு. சாதாரண டயரில் பக்கச்சுவர் உப்பிக்கொள்வது அதிகம். ரோடு மோசமான பகுதியில் ஓட்டுபவர் டயர் வகையோடு மல்லுக்கட்டுவதைவிட, கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த சிறிய ரிம்முக்கு இறங்கினால் பலன் அதிகம்.

பிரேக் பிடிக்கும் தூரம், மழையில் வழுக்காமல் இருப்பது ஆகியவற்றுக்கும் ரன்ஃப்ளாட்டுக்கும் தொடர்பில்லை. அவை மேல்ரப்பரின் தரத்தையும் வரிப்பள்ளத்தையும் பொறுத்தவை. உட்பக்கம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது என்று ரன்ஃப்ளாட்டைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். எக்ஸ்5இன் அகலமான பின்டயர்கள் மேலே உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும்படி அமைக்கப்பட்டவை. அலைன்மென்ட் சற்றே விலகினாலும் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அலைன்மென்டைச் சரிசெய்யாமல் எந்த டயரைப் போட்டாலும் அதே கதிதான்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இவ்வளவு சூடாக இருப்பதற்கு 2020 ஒரு காரணம். அந்த ஆண்டு ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து எடுத்து, உரிமம் இருந்தால்தான் கொண்டுவர முடியும் என்று ஆக்கியது. டயர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்ற விதி அதற்கும் முன்பே இருந்தது. உள்நாட்டில் அதிகம் தயாராகாத பெரிய அளவு டயர்களுக்குத்தான் இந்த அடி முதலில் விழுந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இந்தியாவின் பெரிய டயர் ஆலைகள் நிற்கின்றன. எக்ஸ்3, எக்ஸ்5 வண்டிகளை 2007இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலை செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் பூட்டி அனுப்புகிறது. அப்படி இருந்தும் அந்த வண்டியின் உரிமையாளர் குறிப்பிட்ட அளவு, பிஎம்டபிள்யூ அங்கீகரித்ததைக் காட்டும் நட்சத்திரக் குறி கொண்ட ரன்ஃப்ளாட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அதே ஆண்டு ஜூலையில் வந்த இன்னொரு அறிவிப்பு ஸ்டெப்னி சம்பந்தப்பட்டது. டியூப்லெஸ் டயரும் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால், மூன்றரை டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டது. சட்டப்படி ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டலாம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் இரவு பதினொரு மணிக்குப் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தச் சட்டம் உதவாது.

மாற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் முதலில் அளவில் கைவைக்கக் கூடாது. அதே அகலம், அதே விகிதம், அதே ரிம் அளவு. அடுத்தது சுமைக் குறியீடு. 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும், 107 என்றால் 975 கிலோ. எக்ஸ்5 வெறுமையாகவே இரண்டு டன்னுக்கு மேல், பிரேக் அடிக்கும்போது எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்கள்மேல் சாயும். ஆகவே கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்கவே வேண்டாம். பல ரன்ஃப்ளாட்களில் எக்ஸ்எல் என்ற கூடுதல் சுமைக் குறி இருக்கும். அதே அளவில் அந்தக் குறி இல்லாத டயர் சற்று மலிவாகக் கிடைக்கும்போது, "சைஸ் ஒண்ணுதான் சார்" என்று கடையில் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேகக் குறியீட்டுக்கும் இதே விதி. மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் யாரும் இங்கே ஓட்டப் போவதில்லைதான், ஆனால் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதையும் சொல்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். முன்னால் ரன்ஃப்ளாட், பின்னால் சாதாரணம் என்று கலந்தால் அவசரத் திருப்பத்தில் இரண்டு முனையும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட எக்ஸ்டிரைவ் வண்டியில் இன்னொரு காரணமும் உண்டு. 21 அங்குல எக்ஸ்5இல் முன்னால் 275/40, பின்னால் 315/35. அகலம் இவ்வளவு மாறினாலும் கணக்குப் போட்டால் இரண்டின் மொத்த விட்டமும் 753 மில்லிமீட்டர் சொச்சம், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முன்பின் சக்கரங்கள் ஒரே சுற்றில் ஒரே தூரம் போக வேண்டும் என்பதற்காகக் கம்பெனி எடுத்த கவனம் அது. புது டயரில் 8 மில்லிமீட்டர் வரிப்பள்ளம், தேய்ந்ததில் 3 என்று வைத்துக்கொண்டால் விட்டம் 10 மில்லிமீட்டர் மாறிவிடுகிறது, ஏறக்குறைய 1.3 சதவீதம். அந்த வித்தியாசத்தை ஓயாமல் சமாளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடாகித் தேயும். அதன் பழுதுச் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு டயரில் மிச்சம் பிடித்தது ஒன்றுமேயில்லை. ரன்ஃப்ளாட் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். ஒரு டயர் வீணானால் ஜோடியாக வாங்க நேர்வது இதனால்தான்.

அழுத்தக் கண்காணிப்பு வேலை செய்ய வேண்டும். ரன்ஃப்ளாட்டுக்குத் தேவையாக இருந்த அந்தக் கருவி சாதாரண டயருக்கு இன்னும் அதிகம் தேவை. மெல்லக் காற்று இறங்குவதை முதலில் சொல்வது அதுதான். சில மாடல்களில் வால்வோடு சேர்ந்த உணரி இருக்கும், அதன் பேட்டரி ஏழு, எட்டு ஆண்டில் தளர்ந்துவிடும். பழைய வண்டியில் டயரைக் கழற்றும்போதே உணரியையும் மாற்றிவிடுவது நல்லது, அதற்காக மட்டும் மறுபடி கழற்றுவது தண்டச் செலவு. காற்று அளவுக்குக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையையே பின்பற்றலாம். ரன்ஃப்ளாட் போனதால் விறைப்பு குறைந்துவிட்டது என்று தாராளமாகக் காற்றை ஏற்றினால் மாற்றியதன் பயனே போய்விடும்.

கடைசியாக ஸ்டெப்னி. பலர் சறுக்குவது இங்கேதான். டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்து இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே டயரை மாற்ற முடிவெடுக்க வேண்டும். எக்ஸ்5 வகை வண்டிகளில் பேட்டரியும் பின்னால்தான் இருக்கிறது. மூன்றாம் வரிசை சீட் உள்ள வண்டியிலும் பிளக்-இன் ஹைபிரிடிலும் பெரும்பாலும் இடமே இருக்காது. இடம் இருந்தால், அந்த மாடலுக்கென்றே வரும் ஒல்லி ஸ்டெப்னியை வாங்கலாம். ரிம்மின் உட்புறம் முன்பிரேக்கின் காலிப்பரில் உரசாமல் இருக்க வேண்டும் என்பதால், வேறு வண்டியின் ஸ்டெப்னியைப் பழைய கடையில் எடுத்தால் வீட்டிலேயே நான்கு முனையிலும் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். ஸ்டெப்னியோடு வேலை முடியவில்லை. ரன்ஃப்ளாட்டோடு வந்த வண்டியில் ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்காது. வண்டிக்கு அடியில் ஜாக்கி வைக்க ரப்பர் மேடைகள் உண்டு, அவற்றில் பொருந்தும் ஜாக்கி வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி தூக்கியதும் தானே உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும், அதை முதலில் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். பிஎம்டபிள்யூவில் சக்கரத்தை நட்டு பிடிப்பதில்லை, போல்ட் பிடிக்கிறது. 20 அங்குலச் சக்கரம் டயரோடு 30 கிலோ சொச்சம் வரும். அதை இருட்டில் தூக்கிப் பிடித்து ஓட்டைக்கு ஓட்டை பொருத்துவது ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. போல்ட் ஓட்டை ஒன்றில் திருகி வைக்கும் நீள ஊசி ஒன்று உண்டு, சக்கரத்தை அதில் மாட்டி நிறுத்தலாம். அதையும், திருட்டுத் தடுப்பு போல்ட்டின் சாவியையும் டிக்கியிலேயே வைத்திருங்கள். அந்தச் சாவி காணாமல் போய் நடுரோட்டில் நிற்பவர்கள் ஏராளம்.

ஸ்டெப்னிக்கு இடமே இல்லை என்றால் இரண்டு வழி. காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் பசைத் திரவப் புட்டியும் கொண்ட கிட் ஒன்று. ஆணி ஓட்டைக்கு அது போதும், பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது. புட்டிக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் பலர் பார்ப்பதில்லை. இன்னொன்று உள்புறம் பிசின் பூச்சோடு வரும் டயர். கான்டினென்டலின் கான்டிசீல் 2008இல் ஃபோக்ஸ்வாகன் பாசாட் சிசியில் வந்தது; பிரெல்லி, மிஷ்லினும் இப்படிச் செய்கின்றன. நான்கைந்து மில்லிமீட்டர் வரையிலான ஆணி ஓட்டையை அது தானே மூடிக்கொள்ளும், பக்கச்சுவரும் விறைக்காது. நம் ரோட்டில் ஆகும் பஞ்சரில் பெரும்பங்கு ஆணியும் திருகும் கம்பியும்தான் என்பதால், அளவு கிடைத்தால் நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

ரன்ஃப்ளாட்டிலேயே இருக்க வேண்டியவர்களும் உண்டு. இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக ஓட்டி வரும் பெண்கள், 30 கிலோ சக்கரத்தைத் தூக்க முடியாத பெரியவர்கள், ஊருக்குள்ளும் விமான நிலையத்துக்கும் மட்டும் போய்வருபவர்கள் ஆகியோருக்கு ஆளில்லாத இடத்தில் நிறுத்தாமல் வெளிச்சமுள்ள இடம்வரை ஓட்டிப் போக முடிவதே பெரிய பாதுகாப்பு. அதைச் சாதாரண டயர் தராது. விலை கூடுதல், சவாரி கடினம் என்பதையெல்லாம் அவர்கள் பொறுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. மாதம் இரண்டு முறை திருநெல்வேலிக்கோ பெங்களூருக்கோ குடும்பத்தோடு போகிறவர், டிக்கியில் இடமும் இருந்தால், மாற்றத் தயங்க வேண்டியதில்லை.

காகித வேலையையும் முதலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. வாரன்டி ஓடும் வண்டியானால், ரன்ஃப்ளாட்டை எடுத்தால் எந்தெந்தப் பாகத்துக்குக் கை விரிப்பார்கள் என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்வது பிறகு நிற்காது. வழக்கமான இன்ஷூரன்ஸ் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து சேதமானால்தான், அதுவும் டயர் விலையில் பாதிவரை. டயருக்கென்று தனி இணைப்பு எடுத்திருந்தால் அதன் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள்.

கடையில் புது டயரை மாட்டும்முன் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம். நான்கிலும் பாருங்கள், பழைய சரக்கு ஒன்றிரண்டு கலந்து வரும். சாதாரண டயருக்கு மாறுபவரானால், ஆர்எஃப்டி, இசட்பி, எஸ்எஸ்ஆர், ஆர்ஓஎஃப் என்று கம்பெனிக்கு ஒன்றாக இருக்கும் ரன்ஃப்ளாட் குறி எதுவும் தவறிக்கூட இல்லை என்று உறுதிசெய்யுங்கள். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியோடு விட்டுவிடாமல், டார்க் ரெஞ்சால் 140 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியின் திரையில் டயர் அழுத்தத்தை ரீசெட் செய்து, சில கிலோமீட்டர் ஓட்டி, நான்கு சக்கரமும் பச்சையில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.